ரெண்டு பூட்டும் பன்னிரண்டு விரல் தண்ணீரும்

சிங்கப்பூர்த் தேக்காவில் அந்தக் காலத்தில் திருட்டுக் குறைவாக இருந்ததென்றால் அதற்குப் போலீஸ் காரணமில்லை. ரெண்டு பூட்டு என்ற ஒரே மனிதர்தான் காரணம் என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன். அவர் பார்வையில் பட்டுவிட்டால், திருட வந்தவன் அதற்கு முன் செய்யாத திருட்டையும் ஒப்புக்கொண்டுவிட்டுப் போய்விடுவான். அப்படி ஒரு பார்வை. சாமி கும்பிடும்போதுகூட ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருப்பார். சாமி மேல் சந்தேகமா, வெளியே விட்ட செருப்பின் மேல் கவலையா என்று நான் கேட்டதில்லை.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் அவரோடு பழகியவர்களுக்கே யார் என்று தெரியாது. பெட்டிக்கு இரண்டு பூட்டு, சைக்கிளுக்கு இரண்டு பூட்டு, டிபன் கேரியருக்கு இரண்டு பூட்டு. குடைக்கும் ஒன்று உண்டு. குடையை விரிக்க முடியாதபடி நடுவில் ஒரு சங்கிலி சுற்றி அதில் பூட்டை மாட்டியிருப்பார். மழை பிடித்துக்கொண்டால் சாவியைத் தேடி எடுப்பதற்குள் முழுக்க நனைந்துவிடுவார். நனைந்த பிறகு குடையை விரித்துக்கொண்டு கம்பீரமாக நடப்பார்.

நாங்கள் இருந்தது தேக்கா மார்க்கெட்டுக்கு எதிரே ஒரு கடைவீட்டின் மாடியில். வீட்டை வாடகைக்கு எடுத்து எங்களுக்குக் கட்டில் கட்டிலாகப் பிரித்துக் கொடுத்திருந்தவர் காதர் பாய். நாகூர்ப் பக்கத்துக்காரர். கீழே ஐந்தடி நடைபாதையில் அவருடைய சரபத்துக் கடை; பெயர்தான் சரபத்து, விற்பது தேத்தண்ணி. தேத்தண்ணியை அவர் ஆற்றுகிற அழகைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள். ரெண்டு பூட்டும் நிற்பார், ஆனால் அழகைப் பார்க்க அல்ல.

"பாய், மேலேருந்து கீழே ஊத்தும்போது கொஞ்சம் காத்துல போயிடுதே. அது யார் கணக்கு?"

"அது அல்லா கணக்கு. நீங்க குடிங்க பூட்டுக்காரரே."

மறுநாளிலிருந்து ரெண்டு பூட்டு தன் சொந்தக் கிளாசைக் கொண்டுவந்தார். மீன் வாங்கப் போனால் இன்னும் மோசம். சுத்தம் செய்யக் கொடுக்கும் முன் மீனின் வாலில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுவார். திரும்பி வருவது தன் மீன்தானா என்று தெரிய வேண்டுமாம். ஒருநாள் மீன்காரர் எரிச்சலில் அந்த நூலை அவிழ்த்து அவருடைய சுண்டுவிரலிலேயே கட்டி அனுப்பிவிட்டார். அன்றைக்கு மாலை முழுக்க ரெண்டு பூட்டு குழம்புச் சட்டியை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அவர் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து மூட்டை இறங்கும்போது எண்ணுகிற வேலை. அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கப்பல் பக்கம் ஒருவர் எண்ணுவார், கரைப் பக்கம் ஒருவர் எண்ணுவார். இருவரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளக்கூடாது. கடைசியில் இரண்டு எண்ணிக்கையையும் ஒப்பிடுவார்கள். ஒரே எண் வந்தால் எல்லாரும் யோக்கியர்கள், வீட்டுக்குப் போகலாம். வேறு வேறு எண் வந்தால் நடுவில் யாரோ கை வைத்துவிட்டான் என்று பொருள். பல வருஷம் கரைப் பக்கம் நின்று எண்ணியதில் இந்த ஒரு பாடம் ரெண்டு பூட்டின் எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது. ஒரு சரக்குக்கு ஒரு விடைதான். இரண்டு விடை வந்தால் அங்கே ஒரு திருடன் இருக்கிறான்.

இப்படிப்பட்ட மனிதரிடம் போய் அல்ஜீப்ராவைக் கொடுத்தால் என்ன ஆகும்?

கொடுக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. துறைமுகத்தில் சூப்பர்வைசர் வேலைக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். தேறினால் குடும்பத்தோடு இருக்கக் குவாட்டர்ஸ் கிடைக்கும். ரெண்டு பூட்டின் மனைவி கமலம் மன்னார்குடிப் பக்கம் தன் அப்பா வீட்டில் இருந்தார். மகளும் அங்கேதான். கைக்குழந்தையாக விட்டுவிட்டு வந்த மகள் இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். காதர் பாய் வீட்டு மாடியில் ஆறு ஆண்களுக்கு நடுவில் எங்கே கொண்டுவந்து குடும்பம் நடத்துவது? ஊரிலிருந்து கடிதம் வரும். "இங்கு அனைவரும் சுகம்" என்று எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடமாட்டார்.

"எல்லாரும் சுகம்னு எழுதினா யாருக்கோ சுகமில்லேன்னு அர்த்தம் தம்பி. உண்மையிலயே எல்லாரும் சுகமா இருந்தா, அதை ஏன் மெனக்கெட்டு எழுதணும்?"

அப்படிச் சொல்லும்போது அவர் குரலில் சந்தேகம் இருக்காது, பயம்தான் இருக்கும். எங்களுக்குச் சிரிப்பு வந்தாலும் யாரும் சிரித்ததில்லை.

முதல் தடவை பரீட்சையில் அவர் தோற்றார். தோற்ற விதத்தை அவரே பெருமையோடு சொன்னார். கேள்வி இதுதான். இரண்டு எக்ஸோடு ஒரு ஒய்யைக் கூட்டினால் ஏழு. இதற்கு மூன்று தீர்வுகள் எழுதுக. ரெண்டு பூட்டு, எக்ஸ் இரண்டு, ஒய் மூன்று என்று எழுதினார். சரியான விடை. அதோடு நிறுத்தியிருந்தால்கூடக் கொஞ்சம் மார்க் வந்திருக்கும். அதற்குக் கீழே தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "இதுதான் உண்மையான விடை. வேறு இரண்டு இருப்பதாகச் சொல்பவர்களை நிர்வாகம் விசாரிக்க வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தார். திருத்தியவர் யாரோ, அந்தப் பக்கம் முழுவதையும் அடித்துவிட்டார்.

இன்னொரு தடவை எழுத அனுமதி கிடைத்தது. அதிலும் தவறினால் அந்தக் குவாட்டர்ஸ் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். பிறகு எப்போது காலியாகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எங்கள் மாடியிலேயே ஒரு வாத்தியார் இருந்தார். சிங்கப்பூரிலேயே பிறந்த பையன், பேச்சில் அந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வேலை. முகத்தில் எப்போதும் பவுடர் இருக்கும் என்பதால் பவுடர் வாத்தியார். வேட்டைக்காரன் மானைப் பார்ப்பதுபோல ரெண்டு பூட்டு அவரைக் கொஞ்ச நாள் கவனித்தார். கடைசியில் அருகில் போய், "தம்பி, நீங்க கணக்கு நல்லா சொல்லிக் கொடுப்பீங்கன்னு சொல்றாங்க. யார் சொன்னாங்கன்னு சொல்லமாட்டேன்" என்றார்.

பவுடருக்கு நல்ல மனசு. தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாடம் ஆரம்பிப்பார். அதைக் கேட்க நான் என் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்துகொள்வேன். ரேடியோ தேவைப்படவில்லை.

"அண்ணே, ஒய்க்கு ஒண்ணுன்னு போடுங்க. இப்ப எக்ஸ் என்ன?"

"மூணு."

"ரெண்டு மூணு ஆறு, ஆறும் ஒண்ணும் ஏழு. சரிதானே? இதுவும் ஒரு விடை."

"அப்போ முன்னாடி ரெண்டு, மூணுன்னு சொன்னது?"

"அதுவும் விடைதான்."

"ரெண்டும் சரிங்கறீங்க."

"ஆமாண்ணே."

ரெண்டு பூட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, நீங்க கப்பல் பக்கமா, கரைப் பக்கமா?"

பவுடர் மனம் தளரவில்லை. கட்டம் போட்ட தாளில் புள்ளிகளை வைத்து, அவற்றைச் சேர்த்து நேராக ஒரு கோடு இழுத்தார். இந்தக் கோட்டில் எங்கே கை வைத்தாலும் அது விடை, கோட்டுக்கு முடிவே இல்லை, விடைக்கும் முடிவே இல்லை என்றார். ரெண்டு பூட்டு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பின்பக்கமும் பார்த்தார்.

"நிறையப் பேர் வரிசையா நிக்கறாங்க. ஒத்துக்கறேன். இதுல உண்மையான ஆள் யாரு, அதைச் சொல்லுங்க."

"எல்லாருமே உண்மைலா."

"எல்லாருமே உண்மைன்னு ஒருத்தர் சொன்னா, அவரைத்தான் முதல்ல சோதனை போடணும்" என்றார் ரெண்டு பூட்டு. அந்த ராத்திரியே தன் பெட்டியை பவுடர் கட்டிலிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். பவுடர் விடையை ஒளித்து வைத்துக்கொண்டு தனக்குப் போலிகளைத் தருகிறார் என்பது அவருடைய முடிவு.

அப்போதுதான் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தது. அறுபதுகளின் ஆரம்பத்தில் சிங்கப்பூரில் இருந்தவர்களுக்கு அது மறக்காது. மழை பொய்த்து, குழாயில் தண்ணீர் இன்ன நேரம்தான் வரும் என்று கட்டுப்பாடு போட்டார்கள். வரும்போது குளியலறைச் சிமெண்டுத் தொட்டியை நிரப்பிவிட வேண்டும், அப்புறம் அதுதான் எல்லாருக்கும். காதர் பாய் ஒரு சட்டம் போட்டார். தன்னையும், ஷிப்டு வேலைக்குப் போகும் இருவரையும் சேர்த்து மாடியில் ஆறு பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வாளி. மூலையில் இருந்த பெரிய மண்ணெண்ணெய் டின்னில் யாரும் மொள்ளக்கூடாது.

தொட்டிக்குக் காவலாக யாரும் ரெண்டு பூட்டை நியமிக்கவில்லை. அவரே நியமித்துக்கொண்டார். ஒரு மூங்கில் குச்சியில் விரல் அகலத்துக்குக் கோடு போட்டுத் தொட்டிக்குள் விட்டுப் பார்ப்பார். ஒரு வாளி எடுத்தால் தண்ணீர் இரண்டு விரல் இறங்கும், ஒரு டின் எடுத்தால் மூன்று விரல் இறங்கும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். துறைமுகத்தில் கப்பல் தொட்டியை அளப்பவர்களிடம் கற்றுக்கொண்ட வித்தை.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும். ஒரு சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து கீழே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். பவுடர் அப்போதுதான் முகம் கழுவி, புதிதாகப் பவுடர் போட்டு, சோப்பு வாசனையோடு இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பின்னாலேயே மூங்கில் குச்சியோடு ரெண்டு பூட்டு வந்தார். கடையில் நல்ல கூட்டம். பவுடரின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அப்பாக்களே இரண்டு மூன்று பேர் இருந்தார்கள்.

"பாய், இன்னிக்குத் தொட்டி பன்னெண்டு விரல் இறங்கியிருக்கு" என்றார் ரெண்டு பூட்டு. "பன்னெண்டை மூணால வகுத்தா நாலு. மீதியில்லாம வகுபடுது. நாலு டின். இந்த வீட்ல ஒரு நாளைக்கு ரெண்டு தடவை சோப்பு வாசனை வர்ற ஆள் ஒருத்தர்தான்."

பெஞ்சில் இருந்த எல்லாரும் பவுடரைத் திரும்பிப் பார்த்தார்கள்.  பவுடரையும் மீறி முகம் சிவந்துபோனது. ஊர் முழுக்கத் தண்ணீருக்குத் தவிக்கிற நேரம். அந்த நாளில் தண்ணீர் திருடன் என்ற பெயர் சாதாரணப் பெயர் இல்லை. அதுவும் ஒரு வாத்தியாருக்கு.

"நான் ஒரு வாளிதான் எடுத்தேன். பாதியைக் காலைல குளிச்சேன், பாதியை இப்ப முகம் கழுவ வச்சிருந்தேன்" என்றார் மெதுவாக.

"மீதியில்லாம வகுபடுதே தம்பி" என்றார் ரெண்டு பூட்டு, வருத்தத்தோடு. நிஜமாகவே வருத்தம்தான் அவருக்கு. தனக்குப் பாடம் சொல்லித் தருகிறவர் திருடராகப் போய்விட்டாரே என்று.

பவுடர் எழுந்து மாடிக்குப் போய்ப் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"எங்கே போறே?"

"கேலாங்ல அக்கா வீடு இருக்குலா. அங்க போறேன். இனிமே இந்த வீட்ல இருந்தா, நான் கிளாஸ்ல நிக்க முடியுமா?"

எனக்கு ரெண்டு பூட்டின் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு வாரத்தில் பரீட்சை. இருந்த ஒரே வாத்தியாரையும் விரட்டியாகிவிட்டது. இந்த மனிதருக்குக் கமலமும் வரவேண்டாம், மகளும் வரவேண்டாம், பூட்டுகளோடேயே குடும்பம் நடத்தட்டும் என்று நினைத்தேன்.

காதர் பாய் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ரெண்டு பூட்டையும் கூட்டிக்கொண்டு மேலே வந்தார். பவுடரின் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டார். பெரிய உடம்பு, இனிப் பெட்டி நகராது.

"வாத்தியாரே, போறதுன்னா போங்க. போகுமுன்ன இந்தக் கணக்கை முடிச்சுட்டுப் போங்க. எம் வீட்ல திருட்டு நடந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."

 பவுடர் கரித்துண்டு ஒன்றை எடுத்துச் சுவரிலேயே எழுதினார். டின்னை எக்ஸ் என்றார், வாளியை ஒய் என்றார். மூன்று எக்ஸும் இரண்டு ஒய்யும் சேர்ந்தால் பன்னிரண்டு. தொட்டியில் தண்ணீர் குறைவு என்பதால், காலி டின்னையும் காலி வாளிகளையும் தரையில் கொண்டுவந்து வைத்தார்.

"அண்ணே, நாலு டின்னுன்னு நீங்க சொன்னீங்க. சரி, அப்படியே வைங்க. இப்ப வாளி எத்தனை?"

"பூச்சியம்."

"ஒருத்தரும் ஒரு வாளிகூட எடுக்கல."

"ஆமா."

"நீங்க இன்னிக்குக் குளிச்சீங்களா?"

 ரெண்டு பூட்டின் காதுமடலில் அப்போதும் சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"நான் அஞ்சு வேளை தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யறேன் பூட்டுக்காரரே. அது என்ன காத்துலயா செய்யறேன்?" என்றார் காதர் பாய்.

"அப்போ நாலு டின்னு இல்லை" என்றார் ரெண்டு பூட்டு மெதுவாக. ஒரு நல்ல சாட்சி கையை விட்டுப் போன துக்கம் அவர் முகத்தில். ஆனால் மனிதர் விடுகிற ஆளில்லை. குந்தி உட்கார்ந்து, டின்னையும் வாளியையும் நகர்த்த ஆரம்பித்தார். "ரெண்டு டின்னு வச்சா ஆறு விரல் போச்சு. மீதி ஆறுக்கு மூணு வாளி. இதுவும் பன்னெண்டு. அப்போ மூணு பேர் வாளி எடுத்திருக்காங்க. மத்தவங்க ரெண்டு டின்னைப் பங்கு போட்டிருக்காங்க."

"மூணு பேருக்கு மேலயே வாளி எடுத்தாங்க. நானே பார்த்தேன்" என்றேன் நான். "ஷிப்டு ஆளுங்க ரெண்டு பேரும் போகுமுன்னாடி குளிச்சதையும் பார்த்தேன்."

"ஒரு டின்னு வச்சா?" என்று அவரே கேட்டுக்கொண்டார். "மூணு போச்சு, ஒம்பது மீதி. நாலரை வாளி. மூணு டின்னு வச்சாலும் ஒண்ணரை வாளி." நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். "அந்த அரை வாளி யாரு?"

யாரும் சிரிக்கவில்லை. பவுடர் மட்டும், பாடம் நடத்தும்போது வரும் குரலில் கேட்டார். "எக்ஸுக்கு இன்னும் ஒண்ணு போட்டுப் பார்க்கலையே அண்ணே. பூச்சியம் போட்டுப் பாருங்க."

"பூச்சியமா? அப்போ டின்னையே யாரும் தொடலைன்னு ஆகுமே."

"போட்டுத்தான் பாருங்களேன்."

ரெண்டு பூட்டு டின்னைக் கையால் தள்ளி மூலைக்கு நகர்த்தினார். மிஞ்சிய வாளிகளைப் பார்த்தார். பன்னிரண்டை இரண்டால் வகுத்தார். ஆறு. விரலை மடக்கி எங்கள் ஒவ்வொருவரையும் எண்ணினார், கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டு நிறுத்தினார். இதுவும் மீதியில்லாமல்தான் வகுபட்டது.

"இந்த வீட்ல ஒருத்தனும் திருடலை" என்றார்.

பெரிய நஷ்டம் வந்ததுபோல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு நேரம் எத்தனையோ விடை தேடியவருக்கு, எல்லாரும் நல்லவர்களாக இருக்கும் விடை மட்டும் தோன்றவே இல்லை. எனக்கு இருந்த கோபம் அப்போதே போய்விட்டது. அந்த மாதிரி ஒரு மனிதர் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கோபப்பட முடியாது.

மன்னிப்புக் கேட்பது ரெண்டு பூட்டுக்குத் தெரியாத தொழில். மறுநாள் காலையில் பவுடர் குளியலறைக்குப் போனால், அவருடைய வாளிக்குப் பக்கத்தில் இன்னொரு வாளி நிறையத் தண்ணீர். ரெண்டு பூட்டின் பங்கு. அவர் அன்று குளிக்காமலே துறைமுகத்துக்குப் போய்விட்டிருந்தார். பவுடர் கையில் துண்டோடு என்னிடம் ஓடி வந்தார்.

"என்னலா இது? இதுல ஏதாச்சும் கலந்திருப்பாரோ?"

"குளிச்சுப் பாரு, அரிச்சா தெரிஞ்சிடும்" என்றேன். அரிக்கவில்லை. சாயங்காலம் இரண்டு பேரும் ஒன்றும் நடக்காததுபோல் பாடத்துக்கு உட்கார்ந்தார்கள். காதர் பாய் மேலே கொடுத்தனுப்பிய தேத்தண்ணியைச் சொந்தக் கிளாசில் மாற்றாமல் ரெண்டு பூட்டு அப்படியே குடித்ததை நான் பார்த்தேன். ஆனால் குடித்து முடித்துக் கிளாசின் அடியைப் பார்த்தார்.

அதன் பிறகுதான் எங்களுக்குத் தொல்லை ஆரம்பித்தது. விடை ஒன்றுதான் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது விடை முடிந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பவில்லை. கால் டின், முக்கால் வாளி என்று புதுப் புது விடையாகப் பிடித்துக்கொண்டு வருவார். நான் சவரம் செய்துகொண்டிருப்பேன், கதவுக்குப் பின்னால் குரல் கேட்கும்.

"தம்பி, எக்ஸ் ஒண்ணரை. ஒய் மூணே முக்கால். சரியா வருது. இவன் இத்தனை நாள் எங்கே ஒளிஞ்சிருந்தான்?"

பவுடர் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். "எங்கிட்டப் படிக்கிற பிள்ளைங்கள்ல ஒருத்தருக்கும் இது புரியலைலா. மூணு விடை எழுதினா போதும்னு விட்டுடறாங்க. இவர்தான் இன்னும் இருக்கு, இன்னும் இருக்குன்னு நம்பறாரு." எனக்கு மட்டும் கவலை போகவில்லை. இந்த ஆள் பரீட்சையில் ஒரே கேள்வியில் இறங்கி மூழ்கிவிடுவாரே என்று.

பரீட்சை அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு நானும் பவுடரும் துறைமுக வாசலில் போய் நின்றோம். காதர் பாய் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். அதற்கு முன் அவர் கடையைச் சாத்தி நான் பார்த்தது பெருநாள் அன்றைக்கு மட்டும்தான். எல்லாரும் வெளியே வந்த பிறகு, கடைசி ஆளாக ரெண்டு பூட்டு வந்தார்.

"அந்தக் கேள்வி வந்துச்சா?" என்றார் பவுடர்.

"வந்துச்சு. நாலு விடை கேட்டிருந்தாங்க. தாள் முடியற வரைக்கும் எழுதினேன். இன்னும் தாள் கேட்டேன், தரல. ஏன் தரலைன்னு தெரியல, எனக்கு அதுல ஒரு சந்தேகம் இருக்கு."

"மத்த கேள்வியெல்லாம்?" என்றேன் நான்.

"அதை முதல்லயே முடிச்சிட்டேன். அந்தக் கேள்வி என்னை வளைச்சுப் போட்டுடும்னு எனக்கு முன்னாடியே ஒரு சந்தேகம்."

தேறிவிட்டார். பலகையில் பெயர் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டும் நம்பவில்லை. அதே பெயரில் துறைமுகத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று ஆபீசில் போய் விசாரித்தார். இல்லை என்று சொன்னதும், சொன்னவரிடம் "நிச்சயமா?" என்று கேட்டாராம். குவாட்டர்ஸ் சாவி கைக்கு வந்த பிறகுதான் ஊருக்குக் கடிதம் போட்டார். முகவரியை நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

கப்பல் வந்த நாளில் நாங்கள் மூன்று பேரும் கூடப் போனோம். கப்பலிலிருந்து இறங்குவதையெல்லாம் எண்ணியே பழக்கப்பட்ட மனிதர் அன்றைக்கு எதையும் எண்ணவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். கமலம் அண்ணி தகரப்பெட்டியோடு வந்தார். அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் வழிய வாரிய தலையோடு மகள் வந்தாள். வந்தவள் நாலடி தள்ளியே நின்றுவிட்டாள். தலையிலிருந்து கால் வரை ரெண்டு பூட்டை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எங்களுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. பவுடர் என் கையைக் கிள்ளினார்.

"அம்மாடி, இவர்தான் அப்பா. கிட்டப் போ" என்றார் கமலம் அண்ணி.

"போட்டோல இருக்கற அப்பாவுக்கு மூக்கு வேற மாதிரி இருக்கும்" என்றாள் அவள்.

"அவ கேக்கறது நியாயம் கமலம்" என்றார் ரெண்டு பூட்டு. குனிந்து, மகள் உயரத்துக்கு முழங்காலில் நின்றார். "நீ ஏதாச்சும் கேளு கண்ணு. நான் சொல்றேன். சரியா இருந்தா நம்பு."

அவள் யோசித்தாள். "நம்ம வீட்டுப் பூனை பேரு என்ன?"

 ரெண்டு பூட்டுக்குத் தெரியவில்லை.  இத்தனை படித்து, இத்தனை தேறி, கடைசியில் இந்த மனிதர் இந்தக் கேள்வியில் தோற்கப் போகிறாரே என்று நினைத்தேன்.

"தெரியலையேம்மா" என்றார். "நான் இங்க வந்தப்புறம் வந்த பூனையா இருக்கும். அப்பா அங்க இல்லையே, எப்படித் தெரியும்?"

அவள் அதையும் கொஞ்ச நேரம் பரிசீலித்தாள். பிறகு கையிலிருந்த துணி மூட்டையை அவரிடம் நீட்டினாள். "ஆமா, அப்புறம்தான் வந்துச்சு. பேரு சொல்லியிருந்தா, நீங்க எங்க அப்பா இல்லேன்னு தெரிஞ்சிருக்கும்" என்றாள். மூட்டையை ஒரு கையிலும் அவளை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு ரெண்டு பூட்டு எங்களுக்கு முன்னால் நடந்துபோனார். முகத்தைத் துடைக்கக் கை இல்லாததால், எல்லாரும் பார்க்க அழுதுகொண்டே போனார்.

அவர் குவாட்டர்ஸுக்குப் போன பிறகு எங்கள் மாடியில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. வேறு ஆளுக்கு விடச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டும் காதர் பாய் ரொம்ப நாள் விடவில்லை. ஏன் என்று நாங்களும் கேட்கவில்லை. ரெண்டு பூட்டின் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் என்று அவரிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார், இருந்தாலும் சொல்லியிருக்கலாம்.